வாசல் கேமராவின் பதிவைப் போலீஸ் கேட்டால் கொடுத்துவிட வேண்டுமா?

முன்றில் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நியூ ஜெர்சியில் ஒரு சிறிய டவுன்ஷிப்பில் ஒன்பது ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். வாசலில் வைத்துவிட்டுப் போகும் பார்சல்கள் இரண்டு முறை காணாமல் போனதால், சென்ற ஆண்டு அழைப்புமணியோடு கூடிய கேமரா ஒன்றை வாசற்கதவின் பக்கத்தில் பொருத்தினேன். எந்த நிறுவனத்தின் கேமரா என்பது என் கேள்விக்கு முக்கியமில்லை. மாதச் சந்தா கட்டுகிறேன். பதிவுகள் அவர்களுடைய கிளவுடில் சேர்கின்றன. செட்டிங்ஸில் எதையும் இதுவரை தொட்டதில்லை.

கடந்த செவ்வாய்க்கிழமை மாலை காவல்துறை அதிகாரி ஒருவர் கதவைத் தட்டினார். ஞாயிறு இரவு தெருமுனையில் நின்றிருந்த ஒரு காரின் கண்ணாடியை உடைத்து உள்ளே இருந்த மடிக்கணினியை எடுத்துப் போயிருக்கிறார்களாம். அன்றிரவு பத்து மணி முதல் மறுநாள் காலை ஆறு மணி வரை என் கேமராவில் பதிவானவற்றைத் தர முடியுமா என்று கேட்டு, பதிவேற்றுவதற்கான இணைப்பு அச்சிட்ட அட்டை ஒன்றைக் கொடுத்தார். மிக மரியாதையாகத்தான் பேசினார். கட்டாயம் எதுவும் இல்லை என்பதையும் அவரே சொன்னார். கிளம்பும்போது, டவுன்ஷிப்பின் கேமரா பதிவேட்டில் நம் வீட்டு முகவரியையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு துண்டறிக்கையையும் நீட்டினார்.

கொடுத்துவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் அன்றிரவு உட்கார்ந்து பதிவுகளை ஓட்டிப் பார்த்தேன். எட்டு மணி நேரத்தில் மொத்தம் 23 துண்டுகள். உடைக்கப்பட்ட கார் நின்ற இடம் எதிலும் தெரியவில்லை. தெரிந்தவை வேறு. எதிர்வீட்டுப் பையன், பதினேழு வயதிருக்கும், 1.40-க்குப் பக்கக் கதவு வழியாக வெளியே வந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு புல்வெளியில் நடந்து போகிறான்; மூன்று மணிக்குச் சற்று முன்னால் அதே வழியாகத் திரும்புகிறான். அடுத்த வீட்டுச் செவிலியர் பணி முடிந்து வந்து, காரிலேயே பத்து நிமிடம் அமர்ந்திருந்துவிட்டு உள்ளே போகிறார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திருக்கும் என் மாமியார். இரவு பத்தரை மணி என்றால் அங்கே காலை எட்டு மணி. வாசல் நாற்காலியில் உட்கார்ந்து தம் தங்கையோடு நாற்பது நிமிடம் போனில் பேசியிருக்கிறார். வீட்டுப் பாகப்பிரிவினை, யார் யாருக்கு என்ன கொடுத்தார்கள், எந்த மருமகள் என்ன சொன்னாள் என்பதெல்லாம் தெளிவாகக் கேட்கிறது. அந்தக் கேமரா பேச்சையும் பதிவு செய்யும் என்பதை அவரிடம் நான் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

நான் மறுத்தால் என்ன ஆகும், என்னைக் கேட்காமலே நிறுவனம் காவல்துறைக்குக் கொடுத்துவிட முடியுமா, அந்தப் பதிவேட்டில் சேர்வது எதில் கொண்டுபோய் விடும் என்பவற்றை விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். திருட்டுக் கொடுத்தவருக்கு உதவக் கூடாது என்பது என் எண்ணமில்லை. என் வாசலில் இவ்வளவு பேருடைய வாழ்க்கை சேர்ந்துகொண்டிருக்கிறது என்பதைப் பார்த்தபின் சற்றுக் கலக்கமாக இருக்கிறது.


தாமிரபரணி எழுதியது:

நண்பர் முன்றில் அவர்களுக்கு வணக்கம். நான் வழக்கறிஞர் அல்லன். ஒரு சட்ட அலுவலகத்தில் ஆவணப் பணியில் பன்னிரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். ஆகவே இதைச் சட்ட ஆலோசனையாகக் கொள்ளாமல், அடுத்து யாரிடம் என்ன கேட்பது என்பதற்கான குறிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று: அந்த 23 துண்டுகளையும் இப்போதைக்கு அழித்துவிடாதீர்கள். தர மாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் ஒரு குற்றத்தைப் பற்றி விசாரணை நடக்கிறது என்று தெரிந்த பிறகு, அதற்குப் பயன்படக்கூடிய பதிவை அழிப்பது சாட்சியத்தை அழித்ததாகக் கருதப்படும் அபாயம் இருக்கிறது. மறுப்பது வேறு, அழிப்பது வேறு.

காவல்துறையின் கைக்கு உங்கள் பதிவு போய்ச் சேர மூன்று வழிகள் இருக்கின்றன. அதிகாரி உங்களிடம் கேட்டது முதல் வழி, அதாவது உங்கள் சம்மதம். அமெரிக்க அரசியலமைப்பின் நான்காவது திருத்தம் அரசு செய்யும் சோதனையைத்தான் கட்டுப்படுத்துகிறது. நீங்களாக விரும்பிக் கொடுப்பதற்கு வாரண்ட் எதுவும் தேவையில்லை. கொடுத்தபின் அது வழக்கு ஆவணம் ஆகிவிடும். இதற்கு மட்டும் பயன்படுத்துங்கள், அந்தப் பையனைப் பார்க்காதீர்கள் என்றெல்லாம் நிபந்தனை போடவோ, அதைத் திரும்பப் பெறவோ முடியாது.

இரண்டாவது வழி நீதிமன்ற ஆணை. நீதிபதி கையெழுத்திட்ட தேடுதல் வாரண்டை உங்களிடம்தான் கொண்டுவர வேண்டும் என்பதில்லை. பதிவை வைத்திருக்கும் நிறுவனத்திடமே நேரடியாகக் கொடுக்கலாம். ஓஹையோ மாநிலத்தின் ஹாமில்டன் நகரில் நடந்ததை 2023-ல் பொலிட்டிகோ என்ற செய்தி நிறுவனம் வெளியிட்டது. பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிய விசாரணைக்காகப் போலீஸ் கேட்டபோது, வியாபாரி ஒருவர் தம் ரிங் (அமேசானுக்குச் சொந்தமான நிறுவனம்) கேமராவின் சில பதிவுகளை மனமுவந்து கொடுத்தார். பிறகு இன்னும் அதிகமாகக் கேட்டார்கள். கடைசியில் வாரண்ட் வந்தது. வீட்டுக்குள் இருந்தவை, கடையில் இருந்தவை உட்பட அவருடைய 20-க்கும் மேற்பட்ட கேமராக்களின் பதிவுகளை அது கேட்டது. இத்தனைக்கும் சந்தேகம் அவர்மேல் இல்லை. விரலைக் கொடுத்தால் கையைக் கேட்பார்கள் என்று நான் பொதுவாகச் சொல்ல மாட்டேன். பெரும்பாலான விசாரணைகள் அந்த அளவுக்குப் போவதில்லை. ஆனால் முதல் துண்டைக் கொடுத்தது அடுத்ததைத் தடுக்கும் கேடயம் ஆகாது என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

மூன்றாவது வழியைத்தான் பலர் அறியாமல் இருக்கிறார்கள். 1986-ஆம் ஆண்டின் சேமிக்கப்பட்ட தகவல்தொடர்புகள் சட்டம், உயிருக்கு ஆபத்து அல்லது கடுமையான உடற்காயம் நேரக்கூடிய அவசரநிலை இருப்பதாக நிறுவனம் நல்லெண்ணத்தோடு நம்பினால், வாரண்ட் இல்லாமலும் உங்கள் சம்மதம் இல்லாமலும் பதிவை அரசுக்குத் தர அனுமதிக்கிறது. கவனியுங்கள்: தரலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது, தர வேண்டும் என்று சொல்லவில்லை. முடிவு நிறுவனத்தின் கையில். செனட்டர் எட் மார்க்கி எழுப்பிய கேள்விகளுக்கு 2022 ஜூலையில் அமேசான் அளித்த பதிலில், அந்த ஆண்டில் அதுவரை 11 முறை இவ்வாறு ரிங் பதிவுகளைக் கொடுத்ததாக ஒப்புக்கொண்டது. எண்ணிக்கை சிறியது. ஆனால் அந்தப் பதினொன்றிலும் அவசரம் எது என்று முடிவு செய்தவர் நீதிபதி அல்லர். ஒரு காரின் கண்ணாடி உடைந்தது இந்த வகையில் வராது என்பதால், உங்கள் விஷயத்தில் இதைப் பற்றி இன்று கவலைப்பட வேண்டியதில்லை.

இவற்றோடு, பாதுகாத்து வைக்கும்படி போலீஸ் அனுப்பும் கடிதம் என்று ஒன்றும் உண்டு. அது வந்தால், ஏற்கெனவே இருக்கும் பதிவை 90 நாட்களுக்கு அழியாமல் நிறுவனம் வைத்திருக்க வேண்டும். மேலும் 90 நாட்கள் நீட்டிக்கலாம். செயலியில் நீங்கள் அழித்துவிட்டால் எல்லாம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள்.

உச்ச நீதிமன்றம் நம்மைக் காப்பாற்றாதா என்று சிலர் கேட்பார்கள். 2018-ல் வந்த கார்பெண்டர் தீர்ப்பு, செல்போன் கோபுரத் தரவைக்கொண்டு ஒருவருடைய நடமாட்டத்தை நாட்கணக்கில் பின்தொடர வாரண்ட் வேண்டும் என்றது. ஆனால் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் அதே தீர்ப்பிலேயே, பாதுகாப்புக் கேமரா போன்ற வழக்கமான கண்காணிப்புக் கருவிகளை இது தொடவில்லை என்றும் எழுதி வைத்தார். தெரு முழுவதும் வாசலுக்கு வாசல் கேமரா வந்துவிட்ட பிறகு அதை வழக்கமான கருவி என்று எத்தனை நாள் சொல்ல முடியும் என்பது என் சொந்தக் கேள்வி.

உங்கள் மாமியாரின் பேச்சு தனி விஷயம். ஒலிப்பதிவுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. நியூ ஜெர்சியில் பேசுபவர்களில் ஒருவர் சம்மதித்தால் போதும். பென்சில்வேனியாவிலும் கலிபோர்னியாவிலும் பொதுவாக அனைவரும் சம்மதிக்க வேண்டும். ஆனால் உங்கள் வாசலில் நடந்த அந்தப் பேச்சில் நீங்கள் பங்கெடுக்கவில்லை என்பதைப் பாருங்கள். ஒலியை அணைத்து வைப்பதே நிம்மதி.


பொட்டல்காடு எழுதியது:

சட்டத்தை மேலே அழகாகச் சொல்லிவிட்டார்கள். நான் மென்பொருள் பாதுகாப்புத் துறையில் இருப்பவன் என்பதால், இந்த ஏற்பாடு எப்படி வளர்ந்தது என்பதையும் கருவியில் என்ன செய்யலாம் என்பதையும் சொல்கிறேன். ரிங்கை எடுத்துக்கொள்வதற்குக் காரணம், அதைப் பற்றித்தான் பொதுவெளியில் அதிக ஆவணங்கள் இருக்கின்றன. மற்ற நிறுவனங்கள் யோக்கியம் என்பதால் அல்ல.

அமேசான் ரிங்கை 2018-ல் வாங்கியது. அதே ஆண்டில் நெய்பர்ஸ் என்ற அக்கம்பக்கச் செயலியும் வந்தது. 2019 ஆகஸ்டில் 400-க்கும் மேற்பட்ட காவல்துறைகளோடு கூட்டு இருப்பதாக நிறுவனமே வெளியிட்டது. 2022-ல் மார்க்கிக்கு எழுதிய பதிலில் அந்த எண் 2,161. ஆரம்பத்தில், போலீஸ் ஒரு பகுதியையும் நேரத்தையும் குறித்துக் கொடுத்தால், அங்குள்ள கேமரா உரிமையாளர்களுக்கு நிறுவனத்தின் வழியாகவே மின்னஞ்சல் போகும். 2021 ஜூனில் அதை மாற்றி, கேட்பதாக இருந்தால் நெய்பர்ஸில் எல்லோரும் பார்க்கும்படி கேளுங்கள் என்றார்கள். 2020-ல் நடந்த பிளாக் லைவ்ஸ் மேட்டர் போராட்டங்களின் பதிவுகளை லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறை வீட்டுக்காரர்களிடம் இப்படிக் கேட்டது என்பதை எலக்ட்ரானிக் ஃபிரண்டியர் பவுண்டேஷன் என்ற இணைய உரிமை அமைப்பு அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் வெளிக்கொண்டு வந்திருந்தது. 2024 ஜனவரியில் அந்தக் கேட்கும் வசதியையே எடுத்துவிட்டார்கள். அத்தோடு முடிந்தது என்று பலர் எழுதினார்கள். நானும் என் நண்பர்களிடம் அப்படித்தான் சொன்னேன்.

முடியவில்லை. 2025-ல் நிறுவனர் ஜேமி சிமினாஃப் திரும்பி வந்தார். காவலர்கள் உடலில் அணியும் கேமராக்களைச் செய்யும் ஆக்சான் நிறுவனத்தின் வழியாகக் கேட்கும் வசதி மறுபடி வந்தது. கார் எண் பலகைகளைப் படிக்கும் கேமராக்களை ஊரெங்கும் நட்டு வைத்திருக்கும் ஃப்ளாக் சேஃப்டியோடும் இணையப் போவதாக அக்டோபரில் அறிவித்தார்கள். பிறகு 2026 பிப்ரவரியில் சூப்பர் பவுல் ஆட்டத்தின் நடுவே அந்த நாய்க்குட்டி விளம்பரம் வந்தது. காணாமல் போன நாயைத் தெருவிலுள்ள அத்தனை வாசல் கேமராக்களும் சேர்ந்து தேடிக் கண்டுபிடிக்கும். பார்த்தவர்கள் நெகிழ்ந்து போவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். நாயைத் தேடுவது ஆளைத் தேடாதா என்றுதான் மக்கள் கேட்டார்கள். சில நாட்களிலேயே ஃப்ளாக் இணைப்பு, தொடங்குவதற்கு முன்பே கைவிடப்பட்டது. ஆக்சான் வழி அப்படியே இருக்கிறது. இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான்: இன்றைக்கு இருக்கும் கொள்கை அறிக்கையை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். கதவில் இருக்கும் கருவி அதேதான். அதன் பின்னால் இருக்கும் ஏற்பாடு ஏழு ஆண்டுகளில் நான்கு முறை மாறியிருக்கிறது.

எல்லோரும் போலீஸைப் பற்றியே பேசுகிறோம், ஆனால் உள்ளே இருப்பவர்களை மறந்துவிடுகிறோம். அமெரிக்க வணிக ஆணையமான எஃப்.டி.சி. 2023 மே மாதம் ரிங் மீது சுமத்திய குற்றச்சாட்டுகளைப் படித்தால் தூக்கம் வராது. 2017-ல் ஓர் ஊழியர், படுக்கையறை, குளியலறை என்று பெயரிடப்பட்ட கேமராக்களாகத் தேடி, குறைந்தது 81 பெண்களின் ஆயிரக்கணக்கான பதிவுகளைப் பார்த்திருக்கிறார். பின்னர் வெளியாட்கள் சுமார் 55,000 வாடிக்கையாளர்களின் கணக்குகளுக்குள் புகுந்தார்கள்; சிலர் ஸ்பீக்கர் வழியாகக் குழந்தைகளிடம் பேசவும் செய்தார்கள். நிறுவனம் 58 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. உள்ளூரிலேயே சேமிக்கிறோம், கிளவுடே கிடையாது என்று விளம்பரம் செய்த யூஃபி என்ற கேமரா நிறுவனமும், 2022 நவம்பரில் முகம் தெரியும் சிறு படங்களைச் சொல்லாமல் கிளவுடுக்கு அனுப்பியது அம்பலமாகிச் சங்கடப்பட்டது.

இனிச் செய்ய வேண்டியவை. பதிவுகள் எத்தனை நாள் இருக்க வேண்டும் என்பதை மாற்றுங்கள். ரிங்கில் நீங்கள் எதையும் தொடாவிட்டால் அமெரிக்காவில் 60 நாட்கள்; 180 வரை கூட்டலாம், ஒரே நாளாகவும் குறைக்கலாம். பார்சல் போனது மறுநாளே தெரிந்துவிடும். இரண்டு மாதத்துத் தெரு வாழ்க்கை உங்களுக்கு எதற்கு? ஆனால் தாமிரபரணி சொன்னதுபோல் இந்த விசாரணை முடிந்தபின் மாற்றுங்கள், அல்லது அந்த 23 துண்டுகளைக் கணினியில் இறக்கி வைத்துவிட்டு மாற்றுங்கள். கேமராவின் கோணத்தைச் சாய்க்க ஆப்பு வடிவத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டு கிடைக்கும். அதை அடியில் வைத்தால் எதிர்வீடு சட்டகத்தை விட்டுப் போய்விடும். சாய்க்க முடியாத இடத்தைப் பிரைவசி ஜோன் என்ற கறுப்புக் கட்டத்தால் மறைக்கலாம்.

எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அதைப் போட்டால் பதிவைத் திறக்கும் சாவி உங்கள் கைப்பேசியில் மட்டும் இருக்கும். வாரண்ட் வந்தாலும் நிறுவனத்தால் படத்தைத் திறந்து கொடுக்க முடியாது. ரிங்கில் 2021 முதல் இருக்கிறது. ஆனால் தானாகப் போட்டு வைத்திருக்க மாட்டார்கள். நீங்கள்தான் தேடிப் போய்ப் போட வேண்டும். போட்டால் ஆளை அடையாளம் காண்பது, உலாவியில் பார்ப்பது, வீட்டில் மற்றவர்களோடு பகிர்வது எல்லாம் நின்றுவிடும். வசதியைப் பறித்துக்கொண்டுதான் அந்தரங்கத்தைத் தருகிறார்கள். நான் போட்டிருக்கிறேன், என் மனைவிக்கு இன்னும் கோபம்.

கிளவுட் என்பது எவ்வளவு ஆழமானது என்பதற்கு ஒன்று. 2026 பிப்ரவரியில் அரிசோனாவின் டூசன் அருகே மூதாட்டி ஒருவர் காணாமல் போனபோது, கதவில் இருந்த கூகுளின் நெஸ்ட் கேமராவுக்குச் சந்தா இல்லை, ஆகவே பதிவு இல்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். சில நாட்கள் கழித்து, பின்புலக் கணினிகளில் எஞ்சியிருந்த தரவிலிருந்து முகமூடி அணிந்த ஆளின் படத்தை எஃப்.பி.ஐ. வெளியிட்டது. நல்ல காரியத்துக்குத்தான் பயன்பட்டது. ஆனால் இல்லை என்று நாம் நினைப்பது இருக்கிறது என்பதும் அன்று தெரிந்தது.


கூடல்நகரான் எழுதியது:

எல்லோரும் ஒரே பக்கமாகச் சாய்கிறார்கள் என்று தோன்றுவதால் மறுபக்கத்தை எழுதுகிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன், நடைப்பயிற்சிக்குப் போன என் தந்தையார் மீது ஒரு கார் மோதிவிட்டு நிற்காமல் போய்விட்டது. இடுப்பெலும்பு முறிந்து பதினொரு வாரம் படுக்கையில் இருந்தார். மூன்றாவது வீட்டுக் கேமராவில் அந்தக் காரின் பின்பக்கம், உடைந்த ஒரு விளக்கோடு, இரண்டு வினாடி தெரிந்தது. அந்த வீட்டு அம்மையார் எங்களுக்கு முன்பின் தெரியாதவர். போலீஸ் கேட்கும் முன்பே அவராகவே பதிவை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அந்த இரண்டு வினாடியில்தான் வழக்கே நின்றது. அவரும் முன்றில் அவர்களைப் போல யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எங்களுக்குக் காப்பீட்டுத் தொகைகூட வந்திருக்காது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். என் பழக்கம் சென்னைப் பழக்கம். அங்கே காவல்துறையின் மூன்றாவது கண் என்ற கேமராத் திட்டத்தின்போது குடியிருப்போர் சங்கங்களே பணம் திரட்டித் தெருவில் கேமரா வைத்ததைப் பார்த்து வளர்ந்த குடும்பம் எங்களுடையது. நகை பறிப்பு நடந்தால் காவலர் வந்து பெட்டிக்கடையிலும் அபார்ட்மென்ட்டிலும் புட்டேஜ் கேட்பார். யாரும் வாரண்ட் பற்றிப் பேசியதாக எனக்கு நினைவில்லை. இங்கு வந்தபின்தான் அதில் ஒரு கேள்வி இருக்கிறது என்பதே தெரிந்தது.

ஆனால் பொட்டல்காடு அவர்கள் சொல்லாத ஒன்று: கேமரா எல்லாக் குற்றத்தையும் பிடித்துவிடும் என்று நானும் சொல்லவில்லை. என்.பி.சி. தொலைக்காட்சி நிருபர்கள் 2020-ல் எட்டு மாநிலங்களில் ரிங்கோடு கூட்டு வைத்திருந்த 40 காவல்துறைகளை விசாரித்தபோது, 13 துறைகள் அந்தப் பதிவுகளால் ஒரு கைதுகூட நடக்கவில்லை என்றன. கைது நடந்ததாகச் சொன்னவையும் இருந்தன. பல பெரிய நகரங்களிடம் கணக்கே இல்லை. ஆகவே மலைபோல் குவித்துக் கொடுப்பதில் பயன் இல்லை, சரியான இரண்டு வினாடியைக் கொடுப்பதில் பயன் உண்டு என்பதே என் கட்சி. முழு எட்டு மணி நேரத்தையும் ஏன் கொடுக்க வேண்டும்? அதிகாரியைக் கூப்பிட்டு, எந்த நேரத்தில் உடைந்தது, எந்தத் திசையில் போனான் என்று கேளுங்கள். பொருந்துவது இருந்தால் அதை மட்டும் கொடுங்கள். இல்லையென்றால் பார்த்துவிட்டேன், எதுவும் இல்லை என்று சொல்லுங்கள். அதுவும் அவருக்கு உதவிதான்.


கொடிமுல்லை எழுதியது:

கூடல்நகரான் ஐயா சொன்ன வழி எனக்கும் நியாயமாகப் படுகிறது. ஆனால் அந்த எதிர்வீட்டுப் பையனைப் பற்றி யாரும் பேசாமல் போகிறீர்கள்.

அன்றிரவு தெருவில் நடமாடியதாகப் பதிவில் தெரியும் ஒரே ஆள் அவன். காதலியைப் பார்க்கப் போனானோ, நண்பன் வீட்டில் விளையாடப் போனானோ, யாருக்குத் தெரியும்? எட்டு மணி நேரப் பதிவையும் பதிவேற்றியிருந்தால், திருட்டு நடந்த இரவில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பதுங்கிப் போன பையனாகத்தான் விசாரணையில் அவன் முதலில் வந்து நிற்பான். எனக்கு அதே வயதில் ஒரு மகன் இருக்கிறான். மாநிறத்துக்கும் சற்றுக் கூடுதல். அவன் இரவில் நடந்து போகும்போது பக்கத்து வீட்டு அழைப்புமணிகளின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிவதைப் பற்றி விளையாட்டாகச் சொல்வான். எனக்கு அது விளையாட்டாக இல்லை.

பதிவேட்டைப் பற்றிய கேள்விக்கும் பதில் வரவில்லை. பெரும்பாலான ஊர்களில் அது ஒரு முகவரிப் பட்டியல் மட்டுமே: இன்ன வீட்டில் கேமரா இருக்கிறது, தேவைப்பட்டால் வந்து கேட்கலாம் என்பதோடு சரி. ஆனால் சில இடங்களில் அதே படிவத்தில், காவல்துறை நேரலையாகவே பார்க்கும் வகையில் இணைத்துக்கொள்ளவும் இடம் இருக்கும். டெட்ராய்டில் பெட்ரோல் நிலையங்களும் கடைகளும் 2016 முதல் பிராஜெக்ட் கிரீன் லைட் என்ற பெயரில் அப்படித்தான் நேரலை கொடுக்கின்றன. இரண்டும் ஒன்றல்ல. கையெழுத்துப் போடும் முன் எந்தக் கட்டத்தில் குறி இருக்கிறது என்று பாருங்கள்.

நம்மவர்களில் பலர் விசாவில் இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நியூ ஜெர்சியில் 2018-ல் மாநில அட்டர்னி ஜெனரல் பிறப்பித்த உத்தரவு, உள்ளூர்ப் போலீஸ் குடிவரவு அமலாக்கத்துக்கு எந்த அளவு ஒத்துழைக்கலாம் என்பதற்கு எல்லை போட்டிருக்கிறது. ஆனால் தரவு ஓரிடத்தில் சேர்ந்துவிட்டால் எல்லை தாண்டுவது எளிது. வேறு மாநிலங்களின் உள்ளூர் அதிகாரிகள் ஃப்ளாக் கேமரா வலையமைப்பில் குடிவரவுக் காரணத்தைக் குறிப்பிட்டே தேடியிருந்தது 2025-ல் செய்தியாக வந்தது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. உங்கள் வாசலில் பதிவாகும் ஆயா, சமையல்காரர், புல் வெட்ட வருபவர் ஆகியோருக்கும் இதில் பங்கு இருக்கிறது.


முன்றில் எழுதியது:

பதிலளித்த நால்வருக்கும் மனமார்ந்த நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை அந்த அதிகாரியின் அட்டையில் இருந்த எண்ணுக்குப் போன் செய்து, எந்த நேரம் என்று கேட்டேன். அருகில் வேறொரு வீட்டின் பதிவில் கண்ணாடி உடையும் ஓசை கேட்டிருப்பதால் நேரம் 4.15-ஐ ஒட்டி என்று இப்போது தெரிந்துவிட்டதாம். பையன் மூன்று மணிக்கு முன்பே வீடு திரும்பிவிட்டான் என்பது எனக்குத் தெரியும். கேட்டபோது என் நெஞ்சில் இருந்து ஏதோ இறங்கியது போல இருந்தது. 4.00 முதல் 4.30 வரை என்னிடம் இருந்தது இரண்டே துண்டுகள். ஒன்றில் ஒரு நரி. மற்றொன்றில் முன்விளக்கு அணைந்த நிலையில் ஒரு வேன் தெருவைக் கடக்கிறது. இரண்டையும் ஒலி நீக்கிக் கொடுத்தேன், ஒலியை நீக்கியிருப்பதையும் சொல்லிவிட்டேன். நரியையும் ஏன் கொடுத்தாய் என்று மனைவி கேட்கிறார். அந்த அரை மணி நேரத்தில் எதையும் நான் பொறுக்கி எடுக்கவில்லை என்று இருக்கட்டுமே என்றுதான். மற்ற 21 துண்டுகளும் ஒரு பென் டிரைவில் அலமாரியில் இருக்கின்றன.

பதிவேட்டுப் படிவத்தைப் படித்துப் பார்த்தேன். கொடிமுல்லை அவர்கள் சொன்னபடியே இரண்டாம் பக்கத்தின் அடியில் நேரலைக்கான கட்டம் ஒன்று இருக்கிறது. குறியிடாமல் காலியாகத்தான் இருக்கிறது. இப்போதைக்கு நான் சேரவில்லை. அதற்காக, கேட்டால் தருவதற்கு மறுக்கவும் இல்லை. தேவைப்பட்டால் அதிகாரி வந்து கதவைத் தட்டிக் கேட்கட்டும்.

கேமராவின் அடியில் ஆப்புத் துண்டை வைத்து ஸ்க்ரூ முடுக்கியாயிற்று. இப்போது எங்கள் படிக்கட்டும், மிதியடியும், பார்சல் வைக்கும் மூலையும், நடைபாதையில் ஒரு முழமும் தெரிகின்றன. சேமிப்பு ஏழு நாள். ஒலிப்பதிவு நிறுத்தம். எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷனைப் போடுவதா என்பதில்தான் வீட்டில் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது. மனைவியின் கைப்பேசியில் எதுவும் தெரியாமல் போகும் என்றால் வாங்கியதே வீண் என்கிறார். பொட்டல்காடு அவர்கள் வீட்டில் இதை எப்படிச் சமாளித்தார் என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

மாமியாரிடம் விஷயத்தைச் சொன்னேன். முதலில் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, எந்த நாளிலிருந்து அது கேட்டுக்கொண்டிருந்தது என்று விசாரித்தார். அவர் வந்து ஐந்து வாரம் ஆகிறது. ஐந்து வாரத்தையும் மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தவர் போல இருந்துவிட்டு, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போய்விட்டார். ஒலியை நிறுத்திவிட்டேன் என்று மூன்று முறை சொல்லியாயிற்று. இன்னும் வாசலுக்குத் திரும்பவில்லை.